வியாழக்கிழமைச் சலவை

மிசூரி
பிப்ரவரி 28, 2023

அன்புள்ள அம்மாவுக்கு,

சலோமா அக்காவின் குண்டூசிகள் இடம் மாறியிருக்கின்றன. இங்கே வந்ததில் முதலில் கவனித்தது அதைத்தான், அதனால் முதலில் அதையே எழுதுகிறேன். ஏப்ரனின் இடுப்புப் பட்டியில் அவள் குத்துகிற ஊசிகள் எப்போதும் ஒரே இடத்தில்தான் போகும். துணி அங்கே தேய்ந்து வெளுத்திருக்கும். இப்போது அந்த வெளுத்த இடம் வெளியே தெரிகிறது. ஊசி ஒரு விரல் அகலம் தள்ளிப் போயிருக்கிறது.

கர்த்தருடைய தயவால் இங்கே எல்லோரும் சுகம். அப்பாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? தம்பிகள் என் கோழிகளுக்குத் தண்ணீர் வைக்கிறார்களா?

அக்கா வீட்டு வேலை பிடித்திருக்கிறது. அக்காவின் மகள் குட்டி வில்மா என் பாவாடையைப் பிடித்துக்கொண்டே நடக்கிறாள். எர்வின் அத்தான் காலையில் மரமில்லுக்குப் போனால் இருட்டும்போதுதான் வருகிறார். அவரும் பேசுவதில்லை, நானும் பேசுவதில்லை. சாப்பாட்டு மேஜையில் அக்கா ஒருத்திதான் மூன்று பேருக்கும் சேர்த்துப் பேசுகிறாள்.

ரோண்டா என்ற, ஆமிஷ் சபையைச் சேராத வெளியார் பெண் வேன் ஓட்டுகிறாள். நாம் கார் வைத்துக்கொள்வதில்லை என்பதால் தூரமாகப் போகவேண்டுமானால் அவளைத்தான் கூப்பிடுகிறோம். என்னைப் பார்த்ததும் கேட்டாள்: "ஏம்மா, உனக்கு நாக்கு இருக்கா, இல்ல ஊர்லயே வச்சிட்டு வந்துட்டியா?" நான் என் ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எந்த வகுப்பு என்று கேட்டாள். எட்டாவதோடு நின்றுவிட்டேன் என்பதை அக்காதான் சொன்னாள். "பதினாறு வயசுல எனக்கும் பள்ளிக்கூடம் இல்லன்னா சந்தோஷமாத்தான் இருந்திருக்கும்" என்றாள் ரோண்டா. எனக்குச் சந்தோஷமா என்று அவள் கேட்கவில்லை.

உங்கள் மகள்,
ஓர்ஃபா

—

இல்லினாய்
மார்ச் 6

அன்புள்ள ஓர்ஃபா,

உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் சுகம். அப்பாவின் முழங்காலைப் பற்றி அப்பாவைத் தவிர மற்ற எல்லோரும் புகார் சொல்கிறார்கள், ஏனென்றால் அவர் செய்யவேண்டிய வேலையை அவர்கள் செய்கிறார்கள். உன் கோழிகள் உயிரோடு இருக்கின்றன. ஒன்றைத் தவிர. அதை ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டோம், மன்னித்துக்கொள்.

அடுத்தவர் ஏப்ரனில் ஊசி எங்கே இருக்கிறது என்று பார்க்கவா உன்னை அங்கே அனுப்பினேன்? கல்யாணமாகாத பெண் இதையெல்லாம் எழுதக் கூடாது. எழுதினாலும் என் பதிலில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது.

தண்ணீர் வாளியை மட்டும் சலோமா தூக்காமல் பார்த்துக்கொள். நீ தூக்கு. காரணம் கேட்காதே.

அன்புடன்,
அம்மா

—

மிசூரி
மார்ச் 29

அன்புள்ள அம்மாவுக்கு,

எல்லோரும் சுகம். வாளியை நான்தான் தூக்குகிறேன். காரணம் கேட்கவில்லை.

அத்தான் நேற்று பரணிலிருந்து தொட்டிலை இறக்கினார். இவ்வளவு சீக்கிரம் எதற்கு என்று அக்கா சிரித்தாள். அத்தான் காது வரை சிவந்துபோய், "தூசு தட்டத்தான்" என்றார். பிறகு சாயங்காலம் முழுக்க அதன் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அக்கா பாத்திரம் கழுவும்போது பாடுகிறாள். நான் பக்கத்தில் துடைத்துக்கொண்டு உதட்டை மட்டும் அசைக்கிறேன்.

ரோண்டா வரும்போதெல்லாம் காலியான ஐஸ்க்ரீம் வாளிகளைக் கொண்டுவந்து தருகிறாள். வெள்ளை வாளி, இறுக்கமான மூடி. அக்கா எல்லாவற்றையும் அதில்தான் வைக்கிறாள். மாவு, பொத்தான், முட்டை, தோட்டத்து விதை. "ஒங்களுக்காகத்தான் நான் குண்டாகிறேன், தெரிஞ்சுக்கோங்க" என்கிறாள் ரோண்டா.

போன வாரம் அவளோடு தீவனக் கடைக்குப் போனோம். கடைக்குப் போகிற வழியில் புதிதாகப் பெரிய பலகை வைத்திருக்கிறார்கள். ஒரு குழந்தையின் படம், கீழே கருக்கலைப்புத் தடைச் சட்டத்துக்கு நன்றி என்று எழுதியிருக்கிறது. ரோண்டா அதைப் பார்த்து மூக்கால் ஒரு சத்தம் போட்டாள்.

அத்தான் சொன்னார்: "அது கொழந்த வேண்டாங்கிறவங்களுக்குப் போட்ட சட்டம். நமக்கும் அதுக்கும் என்ன?"

"சட்டத்துக்கு யாரு வேணும்கிறா, யாரு வேண்டாங்கிறான்னு தெரியுமா எர்வின்?"

"நாங்க ஓட்டும் போடுறதில்ல, கோர்ட்டுக்கும் போறதில்ல. அவங்க சட்டம் அவங்களோட."

"ஆமிஷ்காரங்க ஆஸ்பத்திரிக்குப் போவீங்கல்ல?" என்றாள் ரோண்டா. அதற்குள் வில்மா வாந்தி எடுத்துவிட்டாள். பேச்சு அதோடு நின்றது.

இங்கே மண் இன்னும் ஈரமாக இருக்கிறது. பட்டாணி போட முடியவில்லை.

உங்கள் மகள்,
ஓர்ஃபா

—

மிசூரி
ஏப்ரல் 15, சனி

அன்புள்ள அம்மாவுக்கு,

நீங்கள் எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே சுகம் என்று எழுதப் பேனாவை எடுத்தேன், எழுத முடியவில்லை. இதையெல்லாம் நான் எழுதக் கூடாதுதான். ஆனால் வேறு யாரும் எழுத மாட்டார்கள்.

வியாழக்கிழமை காலையில் நான் எழுந்து வந்தபோது கொடியில் படுக்கை விரிப்பு காய்ந்துகொண்டிருந்தது. வியாழக்கிழமை, அம்மா. திங்கட்கிழமைதான் அவ்வளவு துணியும் துவைத்து முடித்திருந்தோம். பக்கத்துப் பண்ணைக்காரர்கள் வண்டியில் போகும்போது நம் கொடியைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்கள். சலவைக் கொட்டிலுக்குள் போனேன். அக்கா தரையில் உட்கார்ந்திருந்தாள். ஏப்ரன் முனையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அதை எடுத்துவிட்டு, "தண்ணி கொட்டிடுச்சு" என்றாள். எந்தத் தண்ணீர் என்று எனக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. வாளி எல்லாம் நிமிர்ந்துதான் இருந்தது.

நான் அத்தானைக் கூட்டிவர மில்லுக்கு ஓடினேன். ரோண்டா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். வில்மாவை மடியில் வைத்துக்கொண்டு நானும் அறையில் இருந்தேன்.

நர்ஸ் கேட்டாள்: "வலி எவ்ளோ இருக்கு? ஒண்ணுமே இல்லன்னா பூஜ்யம், தாங்கவே முடியலன்னா பத்து. ஒரு நம்பர் சொல்லுங்க."

அக்கா யோசித்து, "ரெண்டு" என்றாள்.

டாக்டர் இளம் பெண். வயிற்றில் கருவியை வைத்துப் பார்த்தாள். பிறகு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "பனிக்குடம் ஒடஞ்சிடுச்சு. இந்தக் கொழந்த பொழைக்க வழியில்லம்மா, ரொம்பச் சின்னது. ஆனா இதயம் இன்னும் துடிக்குது. துடிக்கிற வரைக்கும் நான் பிரசவம் ஆக்கினா அது சட்டப்படி கருக்கலைப்பு. உங்க உயிருக்கு ஆபத்துன்னு நான் எழுதிக் காட்டணும். இல்லன்னா ஜெயில். ஜுரம் இல்ல. வலி ரெண்டுங்கிறீங்க. நான் என்னன்னு எழுதுறது?"

"ஒங்களுக்குச் சிரமம் வேண்டாம்" என்றாள் அக்கா. "நான் நல்லாத்தான் இருக்கேன்."

டாக்டர் எங்களை அனுப்பிவிட்டாள். ஜுரம் வந்தால் திரும்பி வரச் சொன்னாள். வாசல் வரை வந்து, அத்தானிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "ஆத்துக்கு அந்தப் பக்கம், இல்லினாய்ல, இந்தச் சட்டம் இல்ல. அங்க போனா காத்திருக்க வேண்டியதில்ல."

"துடிக்குதுன்னு நீங்கதானே சொன்னீங்க" என்றார் அத்தான். கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே கேட்டார்.

வேனில் ரோண்டா ஸ்டியரிங்கை அடித்தாள். "சாகப் போறான்னு நிரூபிச்சாத்தான் காப்பாத்துவாங்களாம். இவ என்னடான்னா ரெண்டுங்கிறா."

வலி இரண்டாக இருக்கலாம். நான் அப்படி எண்ணிப் பார்த்ததில்லை. ஆனால் அந்த ஏப்ரன் முனையை நேற்று எடுத்துப் பார்த்தேன். கிழிந்திருக்கிறது.

ஓர்ஃபா

—

இல்லினாய்
ஏப்ரல் 18

ஓர்ஃபா,

உன் கடிதம் இன்று மதியம் வந்தது. கையில் ரொட்டி மாவோடு இதை எழுதுகிறேன், கறையைப் பொருட்படுத்தாதே.

வீட்டில்தான் போன் கூடாதே, தெருமுனைத் தொலைபேசிக் கொட்டகைக்கு ஓடி எர்வினின் கொட்டகைப் போனில் மூன்று தடவை செய்தி விட்டேன். அவன் சனிக்கிழமைதான் செய்தி கேட்பான் என்று எனக்குத் தெரியும். நம் ஆட்கள் எல்லோரும் அப்படித்தான். இந்தக் கடிதம் முந்தினாலும் முந்தும்.

ஒன்று சொல்கிறேன். நீ மூன்றாம் வகுப்பில் இருந்தபோது எனக்குச் சிறுநீரகக் கல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனேனே, நினைவிருக்கிறதா? கல் எப்படி இருந்தது, எனக்குக் காட்டுங்கள் என்று நீ கேட்டாய். கல் இல்லை. சலோமாவுக்கு வந்ததுதான் எனக்கும். அன்றும் துடித்துக்கொண்டுதான் இருந்தது. என்னிடமும் நம்பர் கேட்டார்கள், நானும் இரண்டு என்றுதான் சொன்னேன். இங்கே இருந்த கிழட்டு டாக்டர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. "ஃபேனி, கொழந்தய நம்மால காப்பாத்த முடியாது, ஒன்ன முடியும்" என்றார். பொழுது சாயும் முன் எல்லாம் முடிந்தது. அவனை ஒரு கைக்குட்டையில் சுற்றித் தந்தார்கள். அப்பா ஆப்பிள் மரத்தடியில் வைத்தார். நாங்கள் அதற்குப் பாவம் என்றோ வேறு எதுவென்றோ பெயர் வைக்கவில்லை. அழுதோம், அவ்வளவுதான்.

அங்கே அந்த நம்பரை வைத்துத்தான் முடிவு என்றால், ஓர்ஃபா, நம் வீட்டில் யாரும் பத்து என்று சொன்னதே இல்லை. சலோமாவும் சொல்ல மாட்டாள்.

இந்தக் கடிதத்தை எர்வினிடம் காட்டு. வெட்கப்படாதே. ஆற்றைத் தாண்டட்டும்.

அம்மா

—

மிசூரி
ஏப்ரல் 19

அன்புள்ள அம்மாவுக்கு,

என் கடிதம் உங்களுக்கு வந்து சேர்ந்ததா என்று தெரியவில்லை. எப்படி இருக்கிறீர்கள்?

இங்கே யாரும் உட்காருவதில்லை. அத்தான் மில்லுக்குப் போகிறார், பாதியில் திரும்பி வருகிறார், அக்காவைப் பார்த்துவிட்டு மறுபடி போகிறார். பிஷப்பிடம் போய்க் கேட்டார். பிஷப் நெடுநேரம் தாடியைத் தடவிவிட்டு, "எனக்குத் தெரியல, எர்வின்" என்றாராம். அத்தானுக்கு ஏதாவது ஒன்றைச் சொல்லியிருந்தால் தேவலை என்று இருந்தது. தொட்டிலை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. கூடத்திலிருந்து அறைக்கும் அறையிலிருந்து கூடத்துக்கும் தூக்கிக்கொண்டு திரிகிறார்.

அக்கா தினமும் விடியுமுன் துவைக்கிறாள். இப்போது கொடியில் போடுவதில்லை, யாரும் பார்க்காமல் சலவைக் கொட்டிலுக்குள்ளேயே காயவைக்கிறாள். துவைத்தும் போகாத கறைத் துணிகளை மூடி போட்ட ஐஸ்க்ரீம் வாளியில் அடைத்துவைக்கிறாள். அங்கே ஒரு வாடை வருகிறது. முதலில் எலி செத்திருக்கிறது என்று நினைத்துத் தேடினேன்.

"அக்கா, எவ்ளோ?" என்று கேட்டேன்.

"எதுடி எவ்ளோ?"

"நம்பர்."

"ரெண்டுதான். போய்க் கோழிக்குத் தீனி போடு." கொஞ்ச நேரம் கழித்து, "என்னடி பாக்குற? நான் செத்தா ஒனக்குத் தகவல் சொல்றேன்" என்று சிரித்தாள். பல் கிட்டியது. வெயில் அடித்துக்கொண்டிருந்தது, அம்மா. அவள் சால்வை போர்த்தியிருந்தாள்.

ஓர்ஃபா

—

மிசூரி
மே 16

அன்புள்ள அத்தைக்கு,

நீங்களும் மாமாவும் சுகமாக இருக்கிறீர்களா? நீங்கள் ஆஸ்பத்திரியில் எங்களோடு தங்கியிருந்துவிட்டுப் போனது பெரிய உதவி. எனக்கு எழுதிப் பழக்கமில்லை.

சலோமாவை நேற்று வீட்டுக்கு அழைத்து வந்தோம். மெலிந்திருக்கிறாள். படியேற நான் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. கர்ப்பப்பையை எடுத்ததைப் பற்றி அவள் என்னிடம் எதுவும் பேசவில்லை. குழந்தையை நீங்கள் பார்த்த இடத்திலேயே வைத்திருக்கிறோம். சிறிய கல் ஒன்று செதுக்கினேன்.

புறப்படும்போது அந்தப் பெரிய டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். நாங்கள் அவளைக் கொண்டுபோன அந்தச் சனிக்கிழமை அவர் ஆஸ்பத்திரி வக்கீலுக்குப் போன் செய்ய எழுந்தாராம். அன்று விடுமுறை, வக்கீல் கிடைக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்குமோ என்றார். அவ்வளவு நேரம் அவளுக்கு இருந்திருக்காது என்றும் சொன்னார். போன் செய்யவேண்டிய தேவை இல்லாமல் போனது ஓர்ஃபாவால்தான்.

நான் அந்த அறையில்தான் இருந்தேன். என் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் செய்ததை அவளே உங்களுக்குச் சொல்லட்டும். நான் சொன்னால் என்னுடையது போல ஆகிவிடும்.

உங்கள் மருமகன்,
எர்வின்

—

மிசூரி
மே 30

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். நீங்கள் நலமா? அப்பாவின் முழங்கால்?

ஸ்ட்ராபெரி பழுக்க ஆரம்பித்துவிட்டது. வில்மா பச்சைக்காயையும் பறித்துத் தின்கிறாள். பட்டாணி பிந்திப் போட்டதால் வளர்த்தி போதாது. சலவைக் கொட்டிலைச் சுண்ணாம்பு அடித்து வெளுத்திருக்கிறோம்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அக்கா இன்றுதான் முதல் முறையாக ஏப்ரன் கட்டினாள். ஊசிகள் பழைய இடத்துக்கு வந்துவிட்டன. அதையும் தாண்டி உள்ளே போயிருக்கின்றன.

தொட்டில் பரணுக்குப் போகவில்லை. ரோண்டா வந்தபோது அக்கா அதை அவளிடம் கொடுத்துவிட்டாள். "ஒன் மகளுக்குக் கொழந்த பொறக்கப் போகுதே, வச்சுக்கோ." ரோண்டா, "இத நான் எப்படி எடுத்துட்டுப் போவேன்" என்றாள். "தூக்கித்தான்" என்றாள் அக்கா. ரோண்டா சிரித்தாள், பிறகு வேனுக்குள் உட்கார்ந்து வெகுநேரம் வண்டியைக் கிளப்பவில்லை.

அத்தான் இப்போது தீவனக் கடைக்கு ஓடைப் பாலத்து வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறார். குதிரைக்கு அது நல்ல தூரம். நேர் வழியில்தான் அந்தப் பலகை இருக்கிறது.

உங்கள் மகள்,
ஓர்ஃபா

—

இல்லினாய்
ஜூன் 20

அன்புள்ள ஓர்ஃபா,

நாங்கள் சுகம். மழை போதவில்லை. மாமிசம் பதப்படுத்தி முடித்துவிட்டேன், தக்காளிக்காக ஜாடிகளைக் கழுவி வைத்திருக்கிறேன்.

ஸ்ட்ராபெரி பற்றி எழுதினாய். பட்டாணி பற்றி எழுதினாய். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நான் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாட்களிலும் இப்படித்தான், ஆரஞ்சை உரித்து உரித்து என் கையில் வைத்தாய், வாயைத் திறக்கவில்லை. நான் வந்தபோது அவளை அறுவை சிகிச்சைக்குக் கொண்டுபோய்விட்டிருந்தார்கள். அதற்கு முன்னால் நடந்தது எனக்குத் தெரியாது. எர்வின் உன்னைக் கேட்கச் சொல்கிறான். ரோண்டா என்னிடம் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒன் சின்னப் பொண்ணக் கேளு" என்றாள்.

நம் ஊர்ப் பெண்கள் இந்த வருஷமும் மிசூரிக்குக் கல்யாணமாகிப் போகப் போகிறார்கள். மற்ற பெண்களுக்குச் சொல்லக் கூடிய காரியமானால் எனக்குச் சொல். அக்கம்பக்கத்துக்குக் கதை சொல்ல நான் கேட்கவில்லை.

அன்புடன்,
அம்மா

—

இல்லினாய்
ஆகஸ்ட் 9

ஓர்ஃபா,

நாங்கள் சுகம். நான் கேட்டதை விட்டுவிடு. நீ நலமா என்று மட்டும் ஒரு அட்டையில் எழுதிப் போடு. உன் கோழிகள் முட்டையிடுகின்றன. அடுத்ததை நாங்கள் இன்னும் சாப்பிடவில்லை.

அம்மா

—

மிசூரி
செப்டம்பர் 12

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். அக்காவும் நடக்கிறாள், சமைக்கிறாள், சில சமயம் பாடுகிறாள். பதில் போடாததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். வெள்ளைத் தாளை எடுத்து உங்கள் பெயரை எழுதி, பிறகு அதன் பின்புறம் விதைக் கணக்கை எழுதிவைத்த நாட்கள் நிறைய.

போன ஞாயிறு ஆராதனை முடிந்து சாப்பாடு பரிமாறும்போது அத்தானின் தம்பி மனைவி க்ளாரா எனக்கு எதிரே ரொட்டித் தட்டோடு நின்றாள். அவளுடைய ஊசிகள் ஒரு விரல் தள்ளிப் போயிருக்கின்றன. நான் அதைப் பார்த்ததை அவளும் பார்த்தாள். சிரித்தாள். அதனால் இப்போது எழுதுகிறேன். அவளுக்கும் சொல்வேன். முதலில் உங்களிடம் சொல்லிப் பழகிக்கொள்கிறேன்.

ஏப்ரலில் நீங்கள் போட்ட கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. கிழட்டு டாக்டரையும் ஆப்பிள் மரத்தையும் பற்றி எழுதியிருந்த கடிதம். அத்தான் மில்லிலிருந்து வந்ததும் அவர் கையில் கொடுத்துவிட்டு நான் வெளியே போய் நின்றேன். அவர் அதை நின்றபடியே படித்தார், பிறகு உட்கார்ந்து படித்தார். "அத்தைக்குமா?" என்று கேட்டார். தலையாட்டினேன். "காலைல ஆத்தத் தாண்டுவோம்" என்று சொல்லிவிட்டு ரோண்டாவுக்குப் போன் செய்யக் கொட்டகைக்கு நடந்தார்.

சனிக்கிழமை காலையில் அக்கா தானே ஏப்ரனில் ஊசி குத்திக்கொண்டு, குல்லா கட்டிக்கொண்டு வந்தாள். வில்மாவைக் க்ளாரா வந்து கூட்டிப்போனாள். வேன் வாசலில் நின்றது. நான் எதையோ மறந்துவிட்டது போலத் திரும்பிச் சலவைக் கொட்டிலுக்கு ஓடினேன். மூலையில், துணிகளுக்குப் பின்னால், அக்கா இன்னும் கொட்டாத வாளி இருந்தது. மூடி இறுக்கமாகத்தான் இருந்தது. அதை எடுத்து என் சால்வைக்குள் வைத்துக்கொண்டேன். எதற்கென்று நீங்கள் கேட்பீர்கள். அக்கா மறுபடியும் இரண்டு என்பாள் என்று எனக்குத் தெரியும். எனக்கு அவ்வளவுதான் தெரியும்.

பாதி வழியில் அக்காவின் பற்கள் தாளம் போட ஆரம்பித்தன. ரோண்டா கண்ணாடியில் பார்த்தாள். "எர்வின், இவ ஒதடு நீலமா இருக்கு. ஆத்துப் பாலம் இன்னும் தூரம். நான் கிட்ட இருக்கிற ஆஸ்பத்திரிக்குத் திருப்புறேன்."

"அங்கயா? அவங்கதானே அனுப்பிட்டாங்க."

"பாலத்துல வச்சு இவ செத்தா என்ன பண்ணுவ?"

ரோண்டா திருப்பினாள்.

இந்த முறை அந்த இளம் டாக்டர் இல்லை. பெரிய டாக்டர் இருந்தார். நல்ல மனிதர்தான், அக்காவின் காலைப் போர்வையால் மூடிவிட்டார். நர்ஸ் காய்ச்சல் பார்த்தாள். இருக்கிறது, ஆனால் இன்னும் அந்த அளவுக்குப் போகவில்லை என்றாள். எந்த அளவு என்று எங்களுக்குச் சொல்லவில்லை. வயிற்றில் கருவியை வைத்தார்கள். அது துடித்தது. அறை முழுக்கக் கேட்டது, அம்மா. சிறிய குதிரை தூரத்தில் ஓடுவது போல. அத்தான் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்து அதையே பார்த்தார்.

"வலி எவ்ளோம்மா? ஒரு நம்பர் சொல்லுங்க" என்றாள் நர்ஸ்.

அக்கா கண்ணை மூடினாள். கட்டில் கம்பியைப் பிடித்திருந்த அவள் விரல் நகங்கள் வெளுத்திருந்தன.

"மூணு" என்றாள். பிறகு, "நான் நல்லாத்தான் இருக்கேன். வேற யாராவது காத்திருந்தா அவங்களப் பாருங்க."

டாக்டர் பெருமூச்சு விட்டார். "வாடை, கசிவு ஏதாவது? உள்ள சீழ் பிடிச்சா வரும்."

"சுத்தமா இருக்கேன்" என்றாள் அக்கா. சுத்தமாகத்தான் இருந்தாள். புறப்படும் முன் துவைத்த துணியை மாற்றிக்கொண்டிருந்தாள்.

"அப்ப நான் வக்கீலக் கேக்காம தொட முடியாது" என்று டாக்டர் அத்தானிடம் சொன்னார். "ஒங்களுக்குப் புரியணும். இதுக்கு முன்னாடி இப்படி இல்ல. நானே வெட்கப்படுறேன்." எழுந்து கதவுப் பக்கம் போனார்.

நான் சுவரோரம் நாற்காலியில் இருந்தேன். பத்து என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்த வார்த்தை எனக்கு வரும் என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். தொண்டையில் காற்று மட்டும் வந்தது. அக்கா தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். சால்வைக்குள் நான் எதை வைத்திருக்கிறேன் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. வேண்டாம் என்று தலையசைத்தாள். அவள் முகத்தில் அப்படியொரு வெட்கத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

நான் எழுந்து போய், டாக்டருக்கும் கதவுக்கும் நடுவில் இருந்த வெள்ளை மேஜையில் அந்த ஐஸ்க்ரீம் வாளியை வைத்து, மூடியைத் திறந்தேன்.